எடுத்தவர் கையால்

எங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவள் நான்தான். அதனால் வேறு யாரையும் குறை சொல்லப் போவதில்லை. புத்தகம் எடுப்பவர் தன் கையால் அதன் இரவல் அட்டையில் பெயர் எழுத வேண்டும். திருப்பித் தரும்போதும் அவரே வந்து, தன் கையால் ‘வந்தது’ என்று முத்திரை குத்த வேண்டும். அண்ணனிடம் கொடுத்தனுப்புவது, யாரும் இல்லாத நேரம் பார்த்து மேசைமேல் வைத்துவிட்டு ஓடுவது எதுவும் செல்லாது. கிழித்திருந்தால் கிழித்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிள்ளையை நான் திட்டுவதில்லை, பக்கத்தில் உட்காரவைத்து இருவருமாக ஒட்டுவோம். சொல்லாத பிள்ளையையும் திட்டுவதில்லை. அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் அழுதுகொண்டே வந்து சொல்லிவிடும்.

நான் படித்துப் பட்டம் வாங்கிய ஆசிரியை இல்லை. இருபது வருடம் சிப்பி உடைக்கும் கொட்டகையில் நின்று இடுப்பு போன பிறகு, தலைமையாசிரியர் பார்த்துக் கொடுத்த வேலை இது. பிள்ளைகள் பள்ளிக்குள் என்னை ‘தோகுநாகா டீச்சர்’ என்பார்கள், தெருவில் ‘பெரியம்மா’ என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

சிஹோ இரண்டாம் வகுப்பு. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் உராசாகி வீட்டுப் பெண். அவளுடைய அம்மா கசுயோ, நான் நின்ற அதே இடத்தில் இப்போது நின்று சிப்பி உடைக்கிறாள். அப்பா யோஷிஹாரு அதே முதலாளி கனவாவிடம் தெப்பப் படகு ஓட்டினான். விரிகுடாவில் மூங்கில் தெப்பங்களைக் கட்டி, அவற்றின் அடியில் கம்பி கம்பியாகச் சிப்பியைத் தொங்கவிட்டு வளர்ப்பதுதான் எங்கள் ஊரின் பிழைப்பு. அந்தத் தெப்பங்களின் நங்கூரக் கயிறு யோஷிஹாருவின் பொறுப்பு.

செப்டம்பர் புயலில் கனவாவின் தெப்பங்களில் பாதி அறுத்துக்கொண்டு போனது. இரண்டு வருடமாக வளர்த்த சிப்பி கடலடியில் கொட்டிக் கிடந்தது. யாரும் யோஷிஹாருவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலாளிகூட, “காத்துக்கு யாரு என்ன செய்ய முடியும்” என்று சொல்லித் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு படகில் அவனோடு யாரும் கேலி பேசவில்லை. அவன் போட்ட முடிச்சை இன்னொருத்தர் போய்ச் சத்தமில்லாமல் இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். நாலு கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் அவன் ஊரிலேயே இருந்திருப்பான் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. எங்கள் ஊருக்குத் திட்டத் தெரியாது. மரியாதையாகவே ஆளைச் சாகடித்துவிடும்.

நவம்பர் மாதம் எங்கள் பள்ளியில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து படிக்கும் மாதம். அப்பாவோ அம்மாவோ வந்து தங்கள் பெயரிலேயே புத்தகம் எடுத்துப் போய், ராத்திரி பிள்ளைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எப்போதும் அம்மாக்கள்தான் வருவார்கள். அந்த வருடம் யோஷிஹாரு வந்தான். ரப்பர் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, கால்விரல்களைச் சுருக்கிக்கொண்டு நின்றான். ‘நீர்நாயின் படகு’ என்ற கதைப் புத்தகத்தைச் சிஹோ எடுத்து நீட்டினாள். அவன் அட்டையில் பெயரைக் கட்டம் தாண்டாமல் மெதுவாக எழுதினான்.

“எனக்கு வாசிக்க வராதுக்கா. திக்கும்” என்றான்.

“மத்தியானம் சாப்பிடறப்ப ஒரு தடவை படிச்சுப் பாத்துக்க. ராத்திரி திக்காது” என்றேன்.

நான் சொன்னதை அப்படியே செய்தான். சாப்பாட்டுப் பையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு போவானாம். ஐந்து அத்தியாயம் வாசித்துக் காட்டியிருந்தான். ஆறாவது நாள் காலையில் பயணிகள் படகுத்துறையில் சைக்கிளைப் பூட்டி நிறுத்திவிட்டு, “வீட்டுக்காரி வந்தா குடுத்துருங்க” என்று சீட்டுக் கொடுப்பவரிடம் சாவியையும் கொடுத்துவிட்டுப் படகேறிப் போனான். திரும்பி வரவில்லை. சாப்பாட்டுப் பையோடு புத்தகமும் போய்விட்டது.

இப்படிக் காணாமல் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் புதிதில்லை. போலீஸில் சொன்னால், சொந்த விருப்பத்தில் போனவரை என்ன செய்வது என்பார்கள். கசுயோ மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் அதிகாலையில் வழக்கம்போல் ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாளாம். கொட்டகைப் பெண்கள் அவளை எதுவும் கேட்கவில்லை.

சிஹோ மட்டும் தினமும் மத்தியான இடைவேளையில் நூலகத்துக்கு வருவாள். வெளியே போன புத்தகங்களின் அட்டைகள் இருக்கும் பெட்டியில் விரலை விட்டுத் தள்ளித் தள்ளித் தன் அப்பாவின் பெயரைக் கண்டுபிடித்துப் பார்ப்பாள். முத்திரை குத்தாத கட்டத்தையும் பார்ப்பாள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவாள்.

“மீதிக் கதைய நான் சொல்லட்டுமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வேணாம் டீச்சர். அப்பா படிப்பாரு.”

“எப்ப?”

“புத்தகம் அவருகிட்டதான இருக்கு. திருப்பிக் குடுக்க வரணும்ல.”

அதை அவள் யோசித்துக் கண்டுபிடித்ததாக நான் நினைக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததுதான். எடுத்தவர் வருவார், வந்தே ஆக வேண்டும். “ஆமா, வரணும்” என்றேன். வேறு என்ன சொல்வது?

பிப்ரவரியில் கணக்கெடுப்பு வந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் நூலகச் சுவரில் ஒரு காகித ஆரஞ்சு மரம் உண்டு. பாக்கி இல்லாத பிள்ளையின் பெயரில் ஒரு பழம் ஒட்டுவோம். மரம் முழுக்க நிறைந்த வகுப்புதான் ஏப்ரலில் புதுப் புத்தகப் பெட்டியைத் திறக்கும். இரண்டாம் வகுப்பு மரத்தில் ஒரு பழம்தான் குறைந்தது. பெற்றோர் எடுத்த புத்தகமும் பிள்ளையின் கணக்கில்தான் சேரும். அதுவும் நான் போட்ட சட்டம்தான்.

கனவா முதலாளியின் மகள் மாயுகோவும் அதே வகுப்பு. மரத்தின் முன்னால் கைகட்டி நின்றுகொண்டு சொன்னாள்: “உங்கப்பாவால எங்க தெப்பமும் போச்சு. இப்ப எங்க மரமும் போச்சு.”

வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை எட்டு வயதுப் பிள்ளை சொல்லிவிட்டது. சிஹோ அழவில்லை. காதுமட்டும் சிவந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு மாயுகோவின் கையைப் பிடித்து வெளியே விட்டிருப்பேன். அடக்கிக்கொண்டு எல்லாரையும் தரையில் உட்காரச் சொன்னேன். “ஒரு புத்தகம் வரலை. வராததுக்கு சிஹோ காரணமில்லை. அவளுக்கு நாம என்ன செய்யலாம்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க.”

“சும்மா பழத்தை ஒட்டிரலாம்” என்றது ஒன்று.

“அது பொய்” என்றது இன்னொன்று.

“கடையில அதே புத்தகம் வாங்கி வெச்சிரலாம்.”

“சிஹோ அப்பா பேரை அழிச்சிரலாம். அப்ப பாக்கி இல்லைல்ல?” என்று ஒரு குட்டிப் பையன் நல்லெண்ணத்தோடுதான் கேட்டான்.

சிஹோ எழுந்துபோய் அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். “அழிக்கக் கூடாது. அழிச்சா அவரு வரமாட்டாரு” என்றாள். மணி அடித்து எல்லாரும் வகுப்புக்குப் போகும்வரை அவள் பெட்டியை விடவில்லை.

அன்றுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். எங்கள் ஊர் ஆம்பிளைகளை எனக்குத் தெரியும். பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள், ஆனால் நாலு பேர் பொருளை வைத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்குச் சோறு இறங்காது. வாவென்று கூப்பிட்டால் வரமாட்டான், புத்தகத்தைக் கொண்டா என்றால் வருவான்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனேன். வாசலில் சிப்பி ஓட்டுமலை ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. உள்ளே பதினாலு பெண்கள் வரிசையாக நின்று, சின்ன இரும்புக் கத்தியை ஓட்டின் இடுக்கில் விட்டுத் திருகிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் தண்ணீர், குளிரில் மூச்செல்லாம் புகை. கசுயோ கையை நிறுத்தவில்லை.

“என்னக்கா, இந்த இடுப்போட இங்க? மறுபடியும் வேலைக்கு வந்துட்டீங்களா?”

“நான் வந்தா உடைக்கற வேகத்துல நீ ரெண்டாவது இடத்துக்குப் போயிருவே. அதான் வரலை. யோஷிஹாரு விலாசம் தெரியுமா உனக்கு?”

கத்தி நின்றது. “எனக்கெப்படித் தெரியும்?”

“முதலாளியம்மாவுக்குத் தெரியும். வேலை செஞ்சதுக்குச் சான்று வேணும்னு எழுதிக் கேட்டிருக்கான். ஒசாகா துறைமுகத்துப் பக்கம் ஏதோ கூலியாட்கள் விடுதி. இப்பதான் வாங்கிட்டு வர்றேன்.”

“அவங்ககிட்ட கேட்டிருக்காரு.” மறுபடியும் உடைக்க ஆரம்பித்தாள். நாலைந்து சிப்பிக்குப் பிறகு, “இருக்காருல்ல, அது போதும்” என்றாள்.

“நான் எழுதப் போறேன்.”

“வேணாம். என்னன்னு எழுதுவீங்க, வான்னா? மானங்கெட்டு நான் கூப்பிட்டதா நினைப்பாரு.”

“வான்னு யாரு எழுதறா? நூலகப் புத்தகம் பாக்கி, கெடு தாண்டி மூணு மாசமாச்சு, எடுத்தவரே நேர்ல வந்து முத்திரை குத்தணும். இதான் எழுதுவேன்.”

கசுயோ சிரித்தாள். நவம்பருக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். “நீங்க பொல்லாதவங்கக்கா. அதுக்கு வந்தாலும் வருவாரு. ஒரு தடவை பக்கத்து வீட்டுக் குடையை வெச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் தூங்கலை அவரு.”

எழுதினேன். பள்ளித் தாளில், பள்ளி முத்திரையோடு. சிஹோவைப் பற்றி ஒரு வரி எழுதலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். எழுதினால் பயந்துவிடுவான் என்று விட்டுவிட்டேன். எழுதியிருக்க வேண்டும்.

பிறகு பத்து நாள் அந்த வீட்டில் நடந்ததெல்லாம் என் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று மாதமாக மூடிக் கிடந்த மாடி ஜன்னலைக் கசுயோ திறந்து வைத்தாள். அவன் மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டினாள். வெடித்த கைகளுக்குக் களிம்பு பூசிக்கொண்டு கையுறையோடு தூங்கினாள். தான் உடைத்ததில் பெரிய சிப்பியாகக் கொஞ்சம் வாங்கிவந்து, இஞ்சியும் சோயாவும் போட்டுச் சிப்பிச் சோறு ஆக்கி எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள்.

“இன்னிக்கு என்ன விசேஷம்?” என்றேன்.

“ஒண்ணுமில்லை. கை மறந்திருமோன்னு ஆக்கிப் பாத்தேன்.”

அப்பா வருவார் என்று சிஹோவிடமும் சொல்லிவிட்டாள். அது தப்பு என்று அவளை எப்படிச் சொல்வேன்? சிஹோ மத்தியானத்தில் முத்திரைக் கட்டையையும் மைப்பெட்டியையும் எடுத்து மேசையின் இடது ஓரத்தில் வைப்பாள். அப்பா இடது கைக்காரர், அவருக்கு வசதியாக இருக்க வேண்டும் என்பாள்.

பதினோராம் நாள் தபாலில் ஒரு பார்சல் வந்தது. நூலகத்தின் பெயருக்கு.

இரண்டாம் வகுப்பு நூலக நேரம் அது. சுற்றிலும் பிள்ளைகள் நின்றுகொண்டார்கள். செய்தித்தாளில் இரண்டு சுற்று, அதன்மேல் பழுப்புத் தாள், நூலில் படகுக்காரன் முடிச்சு. உள்ளே ‘நீர்நாயின் படகு’. ஒரு மடிப்பு, ஒரு கறை இல்லை. அதோடு ஓர் இனிப்புப் பெட்டி, வெள்ளைத் தாள் சுற்றி, ‘மன்னிப்புடன்’ என்று எழுதி. ஒரு சிறு கடிதம். “நீண்ட நாள் தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். பள்ளிக்கும் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெரும் சிரமம் கொடுத்துவிட்டேன். நேரில் வர இயலாத நிலை. முத்திரையைத் தயவுசெய்து நீங்களே குத்திக்கொள்ளுங்கள்.” அவ்வளவுதான். தாளைத் திருப்பிப் பார்த்தேன். உறையை ஊதிப் பார்த்தேன். வீட்டுக்கு ஒரு வார்த்தை இல்லை.

கடைசிப் புத்தகம் வந்தால் வகுப்பு கைதட்ட வேண்டும். அதுவும் நான் பழக்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒன்று ஓடிப்போய் ஆரஞ்சுப் பழத்தையும் பசையையும் எடுத்து வந்தது. சிஹோ வாசலைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக விளையாட்டுத் திடலைப் பார்த்தாள், பிறகு பழுப்புத் தாளைப் பார்த்தாள்.

“இது தபால்ல வந்ததா டீச்சர்?”

“ஆமாம்மா.”

“அப்ப அவரு வர்றதுக்கு இனிமே ஒண்ணுமில்லை.”

யாராவது முத்திரை குத்த வேண்டும். சிஹோவே வந்து குத்தினாள். கட்டத்துக்குள் நேராகக் குத்தினாள். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, “ரொம்ப நாள் தாமதமாச்சு. மன்னிச்சிருங்க” என்றாள். பிள்ளைகள் மறுபடியும் கைதட்டினார்கள். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் அந்தக் கும்பிடை. யாரும் அவ்வளவு சரியாகச் செய்ததில்லை.

சாயங்காலம் கசுயோவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கொட்டகைத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே குழாயை மூடினாள்.

“பார்சலா?”

“ஆமா.”

“எங்களுக்கு ஏதாவது எழுதியிருந்தாரா?”

பொய் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. “இல்லை” என்றேன்.

“நூலகத்துக்கு இனிப்பு?”

“வகுப்புக்கு. ஆளுக்கு ஒண்ணு சரியா இருந்துச்சு.”

“எண்ணித்தான் வாங்கியிருப்பாரு.” குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் மெதுவாகச் சொன்னாள்: “எங்ககிட்ட அவரு எதையும் இரவல் வாங்கலை போலிருக்குக்கா. வாங்கியிருந்தா திருப்பிக் குடுத்திருப்பாரு.”

மறுநாள் மத்தியானம் சிஹோ அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். அட்டையை உருவி, தான் குத்திய முத்திரைக்குக் கீழ்க் கட்டத்தில் எழுதினாள். உராசாகி யோஷிஹாரு. நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு, அவன் எழுதியது போலவே கட்டம் தாண்டாமல்.

“சிஹோ, எடுக்கறவங்கதான் பேரு எழுதணும்.”

“அப்பாதான் எடுக்கறாரு. அஞ்சு அத்தியாயம்தான் ஆச்சு, இன்னும் நாலு இருக்கு.”

“அவரு இங்க இல்லையே கண்ணு.”

“அனுப்பி வைங்க. நீங்க எழுதினதும் உடனே அனுப்பினாருல்ல? மறுபடியும் எழுதுங்க. பார்சல் செல்லாதுன்னு இந்தத் தடவை பெரிசா எழுதுங்க.”

பின்னாலிருந்து மாயுகோ கேட்டாள்: “டீச்சர், புத்தகம் வெளிய போச்சுன்னா மரத்துல பழம் இருக்கக் கூடாதுல்ல?”

“ஏன், அடுத்த சண்டையா?” என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். நேற்று ஒட்டிய பழத்தை நகத்தால் மெல்ல மெல்லப் பெயர்த்தாள். வெகுநேரம் ஆயிற்று. வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புதுப் பெட்டியைத் திறக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு பிள்ளைகூடத் தடுக்கவில்லை. மாயுகோ இறங்கிவந்து பழத்தைச் சிஹோவின் உள்ளங்கையில் வைத்தாள்.

“கிழியாமத்தான் எடுத்திருக்கேன். உங்கப்பா வந்ததும் ஒட்டிக்கலாம்” என்றாள்.

எனக்குக் கண் மறைத்தது. பதினோரு வருடம் நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை அந்தப் பிள்ளை நகத்தால் செய்துவிட்டது. பார்சலைக் கட்டினேன். பார்சல் செல்லாது என்று பெரிதாகவே எழுதினேன். இந்த முறை சிஹோ காத்திருக்கிறாள் என்றும் எழுதினேன்.

மார்ச் முதல் வாரம் அது பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. ‘இந்த முகவரியில் இல்லை.’ விடுதிக்குத் தொலைபேசியில் கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். பள்ளியிலிருந்து ஏதோ கடிதம் வந்ததாம். மறுநாளே ஒரு பார்சல் அனுப்பினாராம். அதற்கடுத்த நாள் அறையைக் கூட்டித் துடைத்துவிட்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டாராம். எங்கோ ஒரு மூலையில் தலையை மறைத்துக்கொண்டு இருந்தவனை, இருக்கும் இடம் தெரியும் என்று சொல்லி நானே விரட்டிவிட்டேன். இனி அவனுக்கு விலாசமே இல்லை.

கசுயோவிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, அவளும் எங்கள் ஊர்க்காரிதானே. “சிஹோகிட்ட நானே சொல்றேன், சிப்பி முடியட்டும்” என்றாள். சிப்பிப் பருவம் மே மாதம் முடிந்தது. இன்னும் சொல்லவில்லை. மாடி ஜன்னலை மட்டும் மூடிவிட்டாள்.

பார்சல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சிஹோ இப்போது மூன்றாம் வகுப்பு. மத்தியானம் வந்து அட்டைப் பெட்டியில் விரலை விடுகிறாள்.

“வந்துச்சா டீச்சர்?”

“வரலைம்மா.”

“கெடு தாண்டப் போகுதே. திட்டுவீங்களா அப்பாவை?”

“திட்டமாட்டேன். நீட்டிக் குடுக்கறேன்” என்று சொல்லி, அட்டையில் அடுத்த தேதியைக் குத்துகிறேன். மை காயும்வரை அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நேற்று குத்தியது ஏழாவது தடவை. ஒரு புத்தகத்துக்கு ஒரு தடவைதான் நீட்டலாம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.